பிள்ளைகள் என்று நினைத்தவை

கண்ணு,

பக்கத்து வூட்டு மருமகள் இன்று காலை ரத்தம் ஊறுவதற்கான டானிக் சீசாவைத் திறக்க முடியாமல் என்னிடம் கொண்டுவந்தாள். மூடியைத் திருகியதும் துருப்பிடித்த இரும்பு மாதிரி ஒரு வாடை. யுத்த காலத்தில், சேலத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நான் குடித்த மருந்தின் வாடை. நீ போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

காரிமங்கலத்துக்கு என் வூட்டுக்கு நீ வந்தபோது உனக்குப் பதினேழு வயதிருக்கும். கடலைக்காய் பறிக்க ஒத்தாசைக்கு என்றுதான் நம் அம்மா அனுப்பியிருந்தாள். உண்மைக் காரணம் நம் இருவருக்கும் தெரியும். எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷமாகியும் பிள்ளையில்லை. உன்னை என் வூட்டுக்காரருக்கே, உன் மாமாவுக்கே, இரண்டாம் தாரமாகக் கட்டிவைக்க இரண்டு பக்கமும் பேசியிருந்தார்கள். நானும் சரியென்று சொல்லியிருந்தேன். வெளியிலிருந்து ஒருத்தி வருவதைவிட நீ வருவது மேல் என்று பட்டது.

மாதாமாதம் தூரமானால் எனக்கு ரத்தப்போக்கு வாரம் கடந்தும் நிற்காது. நாவல்பழம் அளவுக்குக் கட்டி கட்டியாக விழும். முதலில் பார்த்த மாமியார், கரு தங்காமல் கலைகிறது என்றார். அவரும் மனம் வெந்துதான் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு கட்டியும் எனக்கு ஒரு பிள்ளை. யாருக்கும் தெரியாமல் வேலியோரம் புதைத்துவிட்டு வருவேன். ஒன்றுக்குப் பெயர்கூட வைத்திருந்தேன்.

நீ வந்த மாதம் கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். என்னைத் தூக்கி உட்காரவைத்து, என் துணியை நீயே அலசினாய். கட்டிகளைப் பார்த்துக் கேட்டாய். கலைந்த கதையைச் சொன்னேன். துணியைப் பிழிந்து போட்டுவிட்டு நிமிர்ந்தாய்.

“மாசாமாசம் தங்கி மாசாமாசம் கலையுமாக்கா? இது புள்ளையில்ல. உனக்கு என்னமோ சீக்கு.”

அன்று சாயங்காலமே உன் மாமா எதிரில் போய் நின்றாய். அதுவரை அவரிடம் நீ நேராகப் பேசியதே இல்லை.

“அக்காவ டாக்டரம்மாகிட்ட காட்டுங்க மாமா. அதுவரைக்கும் எங்கல்யாணத்தப் பத்திப் பேச வேண்டாங்க.”

அவர் மறுத்துப் பேசவில்லை. மறுநாளே கரியில் ஓடும் பஸ்ஸில் மூவரும் சேலத்துக்குக் கிளம்பினோம். தொப்பூருக்கு முன்னால் ஒரு மேட்டில் வண்டி ஏற முடியாமல் திணறியது. எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். என்னை இறங்கவிடாமல் கண்டக்டரிடம் சண்டை போட்டுவிட்டு நீ இறங்கித் தள்ளினாய்.

கர்ப்பப்பைக்குள் ஒரு சதை முளைத்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார். போக்கு அதிகமாகும்போது ரத்தம் உள்ளேயே தேங்கி உறைந்து கட்டியாக வெளிவருகிறதாம். மாதாமாதம் விழுந்தது கரு இல்லை என்று திருத்தமாகச் சொன்னார். உடம்பில் ரத்தமே இல்லை, இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். சதையை எடுத்துவிடலாம் என்றதும் உன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் அழுகை அடங்கவில்லை. அத்தனை பிள்ளைகளும் ஒரே பேச்சில் இல்லாமல் போய்விட்டார்கள். சந்தோஷப்படக்கா என்று நீ சொல்லவில்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டாய்.

“என்ன பேரு வச்சிருந்தக்கா?”

சொன்னேன். அந்தப் பெயர் உன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

உடம்பு தேற மாதங்கள் ஆயின. மறு வருஷம் மகள் பிறந்தாள். உன்னை ஏரியூரில் கொடுத்தார்கள். வானம் பார்த்த கொள்ளுக் காடு, தூரத்துக் கிணறு, ஓயாத வேலை. ஒவ்வொரு முறை வரும்போதும் நீ இளைத்திருப்பாய். என் வூட்டுத் தோட்டத்தில் ஏற்றம் இறைக்கும் சத்தம் கேட்டால் எனக்கு உன்னை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

போன வருஷம் நீ படுக்கையில் கிடந்தபோதுதான் அதைக் கேட்டேன். அன்று இரண்டாம் தாரமாக வர ஒத்துக்கொண்டிருந்தால் இந்தத் தோட்டமும் வூடும் உனக்கு வந்திருக்குமே என்றேன்.

“வந்திருக்கும். நீ இருந்திருக்க மாட்டியே” என்றாய்.

இருக்கிறேன், கண்ணு. உனக்கப்புறமும் இருக்கிறேன்.