லாஞ்சில் டீச்சரம்மாவின் இடம்

6 செப்டம்பர் 1998, ஞாயிறு

அல்சூர் ஏரியில் இவர் ஆள் ஏற்றி ஓட்டுகிற பழைய மோட்டார் படகை, அந்த லாஞ்சை எடுத்துவிடப் போகிறார்களாம். அடிப்பலகை ஊறிப்போய்விட்டது. தினமும் காலையில் வாளியால் தண்ணீரை இறைத்த பிறகுதான் ஆட்களை ஏற்ற முடிகிறது. அக்டோபர் முதல் வாரத்தோடு சரி. அப்புறம் இவருக்குப் படகுத்துறை ஆபீசில் வாட்ச்மேன் வேலை, பகல் ஷிப்ட்.

வெளியே சொல்லவில்லை, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கல்யாணமான நாளாக சாயங்காலம் என்றால் இவருக்கு ஏரிதான். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, தூக்கம். நான் பத்து வார்த்தை பேசினால் "ம்" என்று ஒன்று வரும்.

9 செப்டம்பர்

ஏரிக்கரையில் கடலை விற்கும் சின்னத்தாயி வந்து நன்றாக வத்தி வைத்துவிட்டுப் போனாள்.

"உனுக்குத் தெரியாதா கோமளா? பிரேசர் டவுன்லேர்ந்து ஒரு டீச்சரம்மா தெனம் கடைசி ட்ரிப்புக்கு வரும். உன் வூட்டுக்காரர் பக்கத்துலதான் குந்தும். எறங்கற வரைக்கும் அவரு வாய மூடமாட்டாரு!"

இவரா? வாயை மூடாமலா?

10 செப்டம்பர்

எந்த வேலையும் ஓடவில்லை. பாலைப் பொங்கவிட்டேன்.

14 செப்டம்பர்

கேட்டேவிட்டேன். யார் அந்த டீச்சரம்மா?

"கிளாரா டீச்சர். பாசஞ்சர்."

"என்னா பேசுவீங்க அவங்களோட?"

"சும்னே."

சும்னேவா! சும்மா பேசக்கூட என்னிடம் ஒரு வார்த்தை இல்லையா? ஆத்திரத்தில் ரசத்துக்கு உப்பே போடவில்லை. அதையும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். பாவி மனுஷன்.

30 செப்டம்பர், ஆயுத பூஜை

லாஞ்சுக்கு ரோஜா மாலை, வாழைக்கன்று, உடைக்கப் பெரிய பூசணிக்காய். என் தலைக்கு ஒரு முழம் மல்லி வாங்க ஆயிரம் யோசனை செய்கிறவர்! பொரி கொண்டுவந்தார். டீச்சருக்குக் கொடுத்தது போக மீதியாம். நான் தொடவில்லை.

4 அக்டோபர், ஞாயிறு

கடைசி ட்ரிப். வேலை செய்கிறவர்களின் குடும்பமும் வரலாம் என்றார்கள். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அந்தம்மா வருவதற்குள் ஏறி, இவர் பக்கத்தில் இருந்த பெட்டிமேல் சட்டமாக உட்கார்ந்தேன். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முறைத்தேன், அடங்கிவிட்டார்.

அது எஞ்சின் பெட்டியாம். லாஞ்ச் கிளம்பியதும் சுட ஆரம்பித்தது. எழுந்திருப்பேனா? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

எதிர்ப் பலகையில் கிளாரா டீச்சர். அறுபது வயசு இருக்கும், தலை முழுக்க நரை. "சுடுமே கோமளம். நான் பேப்பரை மடிச்சுப் போட்டுதான் உக்காருவேன்" என்று கையிலிருந்த பேப்பரை நீட்டினாள்.

அவளுக்கு என் பேர் தெரிகிறது. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது தெரிகிறது. அன்றைக்கு இவர் ஆஸ்பத்திரி வாசலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றது தெரிகிறது — ஐயோ, அது எனக்கே தெரியாதே!

வயசானவள் என்று மனசு ஆறவில்லை, இன்னும் எரிந்தது. புருஷனை இழுத்துக்கொண்டு போயிருந்தால் தெருவில் நின்று சண்டை போட்டிருப்பேன். இவளுக்குப் போனது எனக்கு வரவேண்டிய பேச்சு. அதை எப்படித் திருப்பிக் கேட்பது?

பட்டுப்புடவை பூரா ஆயில் கறை.

6 அக்டோபர்

லாஞ்சைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துவிட்டார்களாம். இவர் சாப்பிடவில்லை.

12 அக்டோபர்

சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுகிறார். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார். அவளை நினைக்கிறாரா? கேட்கவும் பயம்.

19 அக்டோபர்

காபியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். "எதுனா பேசுங்க" என்றேன்.

"இன்னா பேசறது?"

"அந்தம்மாகிட்ட பேசினது வோணாம். வேற எதுனா."

காபித் தம்ளரைக் கையில் சுற்றிச் சுற்றியே ஆறவிட்டார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனுக்கு நீச்சல் தெரியாது கோமளா. லாஞ்ச எடுத்தா பயமா இருக்கும். நம்மள நம்பி இத்தினி பேரு ஏறிக்கிறாங்களேன்னு. அதான் யார்கிட்டயாவது பேசிக்கினே ஓட்டுவேன்."

இத்தனை வருஷமாகவா? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கிறதா?

"இது அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

ஆறிப்போன காபியை எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொடுத்தேன்.