செத்தால் என்ன போகும்

6 மார்ச் 1995, திங்கள்

இன்றும் போர்க்களம் காலி. கல்லூரிக் கணினி அறையிலிருந்து நான் நடத்தும் விளையாட்டுக்குச் சாயங்காலமானால் முப்பது பேர் வருகிறார்கள். வீட்டுக் கணினியை ஃபோன் லைனில் இணைத்து வருகிறவர்களும் உண்டு. படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'வெட்டு' என்று தட்டினால் வெட்டும், 'ஓடு' என்றால் ஓடும். மாதக்கணக்கில் வாளும் கேடயமும் சேர்க்கிறார்கள். சண்டைக்கு மட்டும் ஒருவரும் வருவதில்லை. விளையாட்டுக்குள் இருக்கும் சந்தையில், பசாரில், நின்று கதை அளக்கிறார்கள்.

காரணம் தெரிந்ததுதான். செத்தால் கையில் உள்ளதெல்லாம் போகும், வெறும் ஆளாக ஊர்க் கிணற்றடியில் எழ வேண்டும். அது நான் வைத்த சட்டம். வாசு இன்று புலம்பினான். புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை, இங்கே பெரிய சண்டைக்காரன். "அக்கா, இது போர்க்களமா, கல்யாண வீடா?"

சட்டத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

8 மார்ச்

எடுத்துவிட்டேன். இனிமேல் செத்தாலும் ஒன்றும் போகாது.

11 மார்ச்

களத்தில் நிற்க இடமில்லை. வெட்டுகிறார்கள், சாகிறார்கள், எழுந்து வந்து மறுபடி வெட்டுகிறார்கள். 'ஓடு' என்ற கட்டளையை நான் எழுதியதே வீண்.

ஹமீதா செய்வதுதான் பெரிய வேடிக்கை. பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவள் அத்தாவின் துணிக்கடை, அந்தக் கடை ஃபோனிலிருந்துதான் விளையாட வருவாள். மலையிலிருந்து ஊருக்கு நடக்கச் சோம்பல்பட்டு, வேண்டுமென்றே கரடியிடம் போய்ச் சாகிறாள். கிணற்றடியில் எழுந்துவிடலாமாம். ஜெலுத்தோங் பஸ்ஸைவிட இது சீக்கிரம் என்கிறாள். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

19 மார்ச்

சப்பென்று ஆகிவிட்டது. ஜெயித்தவனுக்கும் சந்தோஷமில்லை, தோற்றவனுக்கும் வருத்தமில்லை. புளி போடாத மீன் குழம்பு. ஆள் குறைகிறது.

பழைய சட்டத்தையே திரும்ப வைத்தேன். சண்டையின் ருசி கண்டவர்கள் பயத்தோடும் போடுவார்களா? அதையும் பார்த்துவிடலாம்.

24 மார்ச்

போடுகிறார்கள். ஆனால் எப்படி? மூன்று பேர் சேர்ந்து ஒருவனை. ஏற்கெனவே காயம்பட்டவனை. முதுகுப் பக்கமாக. தோற்கக்கூடிய சண்டையை யாரும் தொடுவதில்லை. பயம் இருந்தால் ஒழுங்கு வரும் என்று நினைத்தேன். கணக்குப் பார்க்கிற புத்திதான் வந்திருக்கிறது. வாசுவும் அப்படித்தான்.

28 மார்ச்

ஹமீதா செத்துவிட்டாள். விளையாட்டில்தான் — இருந்தாலும் எழுதக் கை கூசுகிறது. களத்தில் நின்றபோது கடையில் அவள் அண்ணன் ஃபோனை எடுத்திருக்கிறார். லைன் அறுந்தது. அவள் ஆள் பொம்மையாக அங்கேயே நின்றது. வாசு வெட்டிவிட்டான். இரண்டு வருடம் சேர்த்ததெல்லாம் போயிற்று.

நேரே கல்லூரிக்கு வந்தாள். நான் ஒரு கட்டளை தட்டினால் எல்லாம் திரும்ப வந்துவிடும், அது அவளுக்குத் தெரியும். முடியாது என்றேன். உனக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், பிறகு சட்டம் எதற்கு என்று வகுப்பு எடுக்கிற மாதிரி விளக்கினேன். அவள் சத்தம் போடவில்லை.

"நீ மேல ஒக்காந்து பாக்குற ஆளு, ஞானம். உனக்கு அங்க சாவே கெடையாது. அதான் எல்லாம் உனக்கு வேடிக்கையா இருக்கு."

போய்விட்டாள்.

29 மார்ச்

கடைக்கு ஃபோன் செய்தேன். தொழுதுகொண்டிருக்கிறாள் என்றார் அண்ணன். காலையில் கேட்டாலும் அதே பதில், சாயங்காலம் கேட்டாலும் அதே பதில்.

நான் செய்தது சரிதானே? சரிதான். அப்புறம் ஏன் மனசு இப்படிக் கெடந்து அடிச்சிக்குது?

3 ஏப்ரல்

யாருக்கும் சொல்லாமல் வேறு பெயரில் ஓர் ஆளைத் தொடங்கினேன். சாகக்கூடிய ஆள். கையில் மரக்கத்தி.

10 ஏப்ரல்

சொந்தமாக ஒரு வாள் சம்பாதித்தேன். அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. புதரில் யாரோ வந்ததாக ஒரு வரி தெரிந்தாலே ஓடித் தப்பிக்கிறேன். 'ஓடு' எவ்வளவு அருமையான கட்டளை!

15 ஏப்ரல்

ஹமீதா மறுபடி வருகிறாள். என்னிடம் பேச்சில்லை. ஆனால் பசாரில் ஒரு காரியம் செய்திருக்கிறாள். அவள் பள்ளிவாசலில் கைராத் என்று ஒரு பொது நிதி உண்டு. வீட்டுக்கு வீடு மாதாமாதம் பணம் போடுவார்கள், யாராவது மௌத்தானால் அதிலிருந்து அடக்கச் செலவு நடக்கும். அதை இங்கே கொண்டுவந்துவிட்டாள். சேர்ந்தவர்களில் ஒருவர் செத்தால் மற்றவர்கள் ஆளுக்கொரு பொருள் தர வேண்டும். லைன் அறுந்து நிற்பவரை வெட்டியவனுக்குக் கைராத்தில் இடமில்லை.

சண்டையே மாறிவிட்டது. ஒண்டிக்கு ஒண்டி வருகிறார்கள். செத்தால் நஷ்டம்தான், ஆனால் நாசமில்லை. கைராத்தில் சேர வேண்டி, வாசு ஹமீதாவின் வாளைத் தானே கொண்டுவந்து பசாரில் வைத்தானாம். லைன் அறுந்தவரை வெட்டக் கூடாதென்று சட்டம் இல்லையே அக்கா, என்று என்னிடம் முறையிட்டான். இல்லைதான். நான் எழுதியதற்கு வெளியே அவர்களே ஒன்று எழுதிவிட்டார்கள்.

22 ஏப்ரல்

செத்துவிட்டேன். வாசுவோடு, நேருக்கு நேர். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது.

'நீ இறந்துவிட்டாய். உன்னிடம் எதுவும் இல்லை.' நான் எழுதி வைத்த வரிதான். எல்லாவற்றையும் மீட்கும் கட்டளை விரல் நுனி வரை வந்தது. தட்டவில்லை. கிணற்றடியில் நின்றேன்.

ஹமீதா வந்தாள். கைராத்தில் இருக்கிறாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். பரவாயில்லை, இனிமேல் சேர்ந்துகொள் என்று ஒரு கேடயத்தைக் கீழே வைத்தாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. பெயரைச் சொன்னேன்.

கேடயத்தைத் தொடாமல் நின்றேன். திரையில் அவள் கேள்வி வந்தது.

"எல்லாம் போச்சா?"

"எல்லாம்."

"வலிச்சுச்சா?"

"ஆமா."

"சரி. கேடயத்த எடு. நாளைக்குக் கடைக்கு வா."