டாக்டர்களுக்கு நான் பாடமாக உட்கார்ந்த நாள்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம், இது வாய்ப்பேச்சுக்கு எழுதும் நலம் இல்லை, சர்க்கரை பார்த்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதும் நலம். கவுகாத்தியில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பக்கத்து வீட்டுச் சுடர்விழி போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவாள். முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள். டாக்டர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லிக்கொடுக்கும் அந்த வேலை வேண்டாம் என்று இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக்கொடுத்துவிட்டு வா, இங்கே கிளினிக் வைக்கலாம் என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன் இல்லையா, அப்படி எதுவும் எழுதிக் கொடுத்துவிடாதே, பொறு. ஏன் என்று சொல்கிறேன்.

இருபது நாளைக்கு முன்னால் நான் எப்போதும் போகும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வசந்தா என்னைப் பிடித்துக்கொண்டாள். டாக்டருங்களுக்கே ஒரு பயிற்சி நடக்குதும்மா, சும்மா பேஷண்டா வந்து உக்காந்தா போதும், டீ சமோசா உண்டு என்றாள். சரி, போய்ப் பார்ப்போமே என்று போனேன். அங்கே பார்த்தால் அட, காலேஜ் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நரைத்த தலை டாக்டர்கள் எல்லாம் நோட்டும் பேனாவுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்! பயிற்சி கொடுக்க வந்தவள் ஹேமலதா என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். ஒரு நோயாளிக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தால்தான் மாணவனுக்கு விளங்கும்படி சொல்ல வரும், அதனால் ஒவ்வொரு டாக்டரும் எனக்கு இன்சுலின் ஊசி போடுவதைச் சொல்லித்தர வேண்டும், மற்றவர்கள் பார்த்துக் குறை நிறை சொல்ல வேண்டும், இதுதான் ஏற்பாடு. முதலில் வந்தவர் யார் தெரியுமா, நான் நாலு வருஷமாகக் காட்டிக்கொண்டிருக்கும் நம் நெடுமாறன் டாக்டரேதான். போர்டில் கணையத்தைப் படம் போட்டார், அம்பு போட்டார், பாதி இங்கிலீஷில் பத்து நிமிஷம் மழையாகக் கொட்டினார், கடைசியில் புரிஞ்சுதாம்மா என்றார். நல்லா புரிஞ்சுதுங்க டாக்டர் என்றேன். பெரிய மனுஷர் கேட்கும்போது வேறு என்ன சொல்வது? அப்போது ஹேமலதா எழுந்து, அவங்களுக்குப் புரிஞ்சுதுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும் என்று கேட்டாள். அவங்களே சொன்னாங்களே என்றார் அவர். கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், மனுஷருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு ஐயோ பாவம் என்றிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரே மறுபடியும் வந்தார். இந்தத் தடவை போர்டுப் பக்கமே போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார், பேனா மாதிரி இருக்கும் காலி இன்சுலின் ஊசி ஒன்றைக் கொடுத்தார், நீங்க வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்கம்மா என்றார். நானும் ஜம்மென்று தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு வெடுக்கென்று எடுத்தேன். தினமும் இதே இடமா என்றார். ஆமாங்க, அங்கதான் வலிக்காது என்றேன். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்தார், கட்டியாக இருந்தது. அதே இடத்தில் குத்திக் குத்தி அங்கே சதை தடித்துப்போய் மருந்து உள்ளே சரியாகச் சேரவே இல்லையாம், அழுத்திவிட்டுப் பத்து எண்ணும்வரை எடுக்கவும் கூடாதாம். நாலு வருஷமா என்கிட்ட வர்றீங்க, நான் அளவ ஏத்திக்கிட்டே போனேனே தவிர ஒரு தடவகூட இதக் கேக்கலையே என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது பூவு, ஆனால் சந்தோஷத்தில். இந்த நாலு வருஷமும் உங்கப்பா என்ன சொன்னார், நீ திருட்டுத்தனமா ஜாங்கிரி திங்கிற கொளஞ்சி, இல்லன்னா சக்கர எப்படி இறங்காம இருக்கும் என்று அலமாரியைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்! இப்போது இடம் மாற்றி மாற்றிப் போடுகிறேன், மருந்து நன்றாகச் சேருகிறது என்று டாக்டர் அளவைக்கூடக் குறைத்துவிட்டார், முந்நூறிலேயே நின்றது இன்று காலையில் வெறும் வயிற்றில் நூற்றிருபத்தெட்டு. சீட்டை உங்கப்பா மூக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றைக்கு ஹேமலதாவைப் பார்த்தபோதுதான், அடிப்பாவி, என் மகள் செய்யும் வேலையும் இதுதானா என்று எனக்கு உறைத்தது. டாக்டருக்குப் படித்துவிட்டு வாத்தியார் வேலையா என்று உன்னை எவ்வளவு பேசியிருக்கிறேன்! நெடுமாறன் டாக்டரிடம் வருஷத்துக்கு நூற்றைம்பது பிள்ளைகள் படிக்கிறார்களாம், இனி அத்தனை பேரையும் நோயாளியிடம் செய்து காட்டச் சொல்லிக் கேட்கப் பழக்குவேன் என்றார். நீ கிளினிக்கில் உட்கார்ந்து எத்தனை பேரைப் பார்த்துவிடுவாய், சொல். அப்பா தட்டாஞ்சாவடியில் செய்து வைத்த உன் பெயர்ப் பலகை கட்டிலுக்கு அடியில் கிடக்கட்டும். கிளினிக் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தவர் நேற்றுதான், அவ வேலய அவ பாக்கட்டும், நாம எதுக்குக் குறுக்க நிக்கணும் என்றார்.

உன்மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் ஊசி ஒழுங்கா போடுறியாம்மா என்று கேட்டாய், போடுறேன்டி என்றேன், விட்டுவிட்டாய். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள் பெற்றவளிடம் காட்டு என்று ஒரு தடவை கேட்டாயா? இந்த வாரம் வீடியோவில் வா, போட்டுக் காட்டுகிறேன்.

அங்கே மழை விடாமல் பெய்கிறது என்றாய், ஈரத்தலையோடு வெளியே போகாதே, பருப்புப்பொடி தீர்ந்துவிட்டால் சொல், அனுப்புகிறேன். உன் கையால் நூறு நல்ல வாத்தியார்கள் வரட்டும், நீ நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். கடைசியாக ஒன்று, இதைப் படித்துவிட்டு சரிம்மா என்று மட்டும் பதில் போடாதே. நானும் நாலு வருஷம் சரி சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா உன்னை என்ன செய்யச் சொன்னேன் என்று உன் வாயால் திருப்பிச் சொல், அப்போதுதான் உனக்குப் புரிந்தது என்று நம்புவேன்.

இப்படிக்கு,
உன்னை அந்த வேலையிலேயே இருக்கச் சொல்லும் அம்மா,
ரா. கொளஞ்சி