திரையில் இரண்டு பெயர்

பெரியவனே,

நீ எழுவதற்குள் டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. ஊருக்குக் கிளம்பும்போது சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிடு.

நேற்று கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் மாற்றுகிற விஷயத்தில் உன்மேல் எரிந்து விழுந்துவிட்டேன். "படத்தையெல்லாம் பேக்கப் எடுத்தா போதும்மா, மத்ததெல்லாம் குப்பை" என்று நீ சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு அது போதாது. பழைய டிஸ்க்கில் இருப்பதை ஒன்று விடாமல் புது டிஸ்க்கில் க்ளோன் பண்ணிவிடு. அரை நாள் ஆகும் என்றாய். ஆகட்டும்.

ஏன் என்று சொல்ல நேற்று வாய் வரவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் அப்பா பெயரும் என் பெயரும் வரும். அவர் போன பிறகும் தினமும் அவர் பெயரைத் தாண்டித்தான் என் பெயரை அழுத்துகிறேன். புதிதாக எல்லாம் ஏற்றினால் நான் மட்டும்தான் இருப்பேன்.

அம்மா

அப்பாவுடைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. திறந்து பார்க்காதே, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

பழைய டிஸ்க்கையும் தூக்கிப் போட்டுவிடாதே.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: காப்பி ஆகி முடிய இருட்டிவிட்டால், நாளைக்குப் போயேன்.