உங்களுக்குத் தெரியாமல் கொடுத்த மாத்திரை

அண்ணே,

நேற்று மருமகள் ஒரு மாத்திரைப் புட்டியைத் திறந்தாள். மூடியைத் திருகியதுமே மீன் எண்ணெய் வாடை கூடமெங்கும் பரவியது. "சத்து மாத்திரைதான் அத்தே, நீங்களும் ஒண்ணு போடுங்க" என்றாள். நான் கையை நீட்டவில்லை.

வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை உங்களுக்கு. ஒத்தக்கடையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மீட்டர் சீல் உடைந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பீர்கள். காய்கறிக்காரர், கண்டக்டர், சொந்த மச்சினன், ஒருவரையும் நம்பமாட்டீர்கள். எண்பதுகளின் கடைசியில் சிறுநீரகம் கெட்டு, வாரம் இருமுறை டயாலிசிஸ் என்று ஆனபோது இரண்டு பேரை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினீர்கள். ஒருவர் டாக்டர். இன்னொருத்தி, அண்ணி வேலைக்குப் போன பகல்களில் உங்களைப் பார்த்துக்கொண்ட நான்.

டாக்டரை நம்பாதவள் நான்தான். ஊசி குத்தும் கை சிவந்து வீங்கிக் கிடந்தது. நீங்கள் இளைத்துக்கொண்டே போனீர்கள். அவரோ பொட்டு அளவில் ஒரு மஞ்சள் மாத்திரையைத்தான் எழுதினார். "மிஷின்ல ரத்தம் சுத்தமாகிறப்ப சில வைட்டமின் கரைஞ்சு போயிரும். அதுக்கு இது போதும்" என்றார். இத்தனூண்டு மாத்திரை என்ன செய்துவிடும்? சாதாரண ஆட்கள்தானே என்று இளப்பமாக நினைக்கிறாரோ என்று எனக்குள் அரித்தது. அந்த நேரம் பார்த்து, துபாயிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் இதே மீன் எண்ணெய் வாடை அடிக்கும் ஒரு புட்டி சத்து மாத்திரை கொடுத்தார்.

"டாக்டர் மாத்தி எழுதியிருக்காருண்ணே" என்று பொய் சொன்னேன். வாங்கி விழுங்கினீர்கள்.

இரண்டு மாதத்தில் தலைவலி வந்தது. தோல் உரிந்தது. முடி கொத்தாக உதிர்ந்தது. டாக்டர் கேட்டார்: "வெளிய வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

நீங்கள் என்னை ஒரே ஒரு முறை பார்த்தீர்கள். மீட்டர் சீலைப் பார்க்கிற அதே பார்வை.

"நானாத்தான் சத்து மாத்திரை வாங்கித் தின்னேன் சார். இவளுக்குத் தெரியாது."

"வைட்டமின் ஏ மிஷின்ல வெளியேறாதுய்யா. உள்ளேயே தங்கி விஷமாயிரும். கையில இருக்கிறது அழற்சி. அதுக்கு இது மருந்தும் இல்ல."

பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையை எண்ணிப் பார்த்தீர்கள். பிறகு, "இனிமே எதுன்னாலும் சொல்லிட்டுக் குடு, ஆத்தா" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் கொடுத்த ஒவ்வொரு மாத்திரையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டீர்கள்.

புட்டியைத் தூக்கிப் போட்டதும் தலைவலி விட்டது. மறுவருடம் கையில் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, போய்விட்டீர்கள். அந்த மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னார். தலையாட்டினேன். பாதிதான் நம்பினேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணி சொல்வார்: "கண்டதை வாங்கித் தின்னு ஒடம்பக் கெடுத்துக்கிட்டாரு மனுசன்." ஒவ்வொரு முறையும் நான் தரையைப் பார்ப்பேன்.

நேற்று அந்த வாடை தாங்காமல் கே.கே. நகரில் அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணி, அந்த மாத்திரை நான் குடுத்தது."

அவர் கை நிற்கவில்லை. "தெரியும். அன்னைக்கே சொல்லிட்டாரு. 'அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுராத'ன்னாரு."

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் அவரையே குத்தம் சொன்னீங்க?"

"கேக்கத்தான கூடாதுன்னாரு. நீயாச் சொல்லுவியான்னு பாத்தேன்."

முப்பது வருடத்துக்கும் மேலாக, நான் தரையைப் பார்த்தபோதெல்லாம் அண்ணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்காக நீங்கள் டாக்டரிடம் சொன்ன பொய்யை அண்ணியிடம் இறக்கி வைத்துவிடலாம் என்றுதான் போனேன், அண்ணே. அதைத் தூக்கிக்கொண்டேதான் திரும்பி வந்தேன்.