கையால் எடுத்த நகல்

செவ்வாய், வடமுனை நிலையம். நாள் 212, 07:10
வெளியே மைனஸ் எண்பது. தூசி குறைவு. மூச்சுக்காற்று தரும் இயந்திரங்கள் இரண்டும், வடக்கு அறையிலும் தெற்கு அறையிலும், ஓடுகின்றன. இங்கே நான் ஒருவன்தான்: தாணுலிங்கம், நாகர்கோவில். பூமியில் என்னைக் கவனித்துக்கொள்ளும் அலுவலர் செல்வின், கல்லூரியில் என் அறைத்தோழன். அவன் இருக்கும்வரை எனக்கென்ன கவலை.

நாள் 215, 16:30
சூரியப் புயல். வடக்கு இயந்திரத்தின் நிரல் முழுக்க அழிந்துவிட்டது. தெற்கில் நிரல் பத்திரம், ஆனால் மோட்டார் கருகிவிட்டது; உடலோடு சேர்த்து வார்த்தது, கழற்றி மாற்ற வழியில்லை. தெற்கிலிருந்து வடக்குக்கு நகலெடுத்தால் வேலை தீர்ந்தது. ஆனால் நகல் தடுப்புச் சட்டப்படி ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு காவல் சில்லு உண்டு. நிரலை விற்ற பூமி நிறுவனம் பத்து வினாடிக்குள் சரி சொன்னால்தான் அது விடும். சிக்னல் போய்வரவே இருபது நிமிடம். பூமியிலிருந்து புதிதாக நிரல் அனுப்பினாலும் இதே கதைதான். சட்டம் போட்ட புண்ணியவான்களுக்குச் செவ்வாய் ஞாபகமே வரவில்லை. உருளைகளில் நான்கு நாள் காற்று இருக்கிறது.

நாள் 218, 09:05
ஓடுகிறது! தெற்குத் திரையில் வரி வரியாகப் படித்து, வடக்கில் கையாலேயே தட்டச்சு செய்தேன். இரண்டு அறைக்கும் நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது. இது நகல் என்று சில்லுக்குத் தெரியவில்லை.

செல்வின்: "லே மக்கா, கலக்கிட்டடே! எப்படிலே செஞ்ச? ஒண்ணு விடாம சொல்லு, கேட்டியா. மத்த நிலையத்துப் பயலுவளுக்கும் ஒதவும்லா."

பெருமை தாங்கவில்லை. ஒன்று விடாமல் சொன்னேன்.

நாள் 220, 05:50
காவல் சில்லுக்கு நிறுவனம் அனுப்பும் வழக்கமான புதுப்பிப்பு வந்து தானாக ஏறியது. உடனே வடக்கு இயந்திரம் நின்றது. திரையில்: "கையால் எடுத்த நகல் கண்டறியப்பட்டது. கருவி முடக்கப்பட்டது."

கையால் எடுத்தது செல்வின் ஒருவனுக்குத்தான் தெரியும். கேட்டேன்.

செல்வின்: "கம்பெனிக்கு நான்தான்டே சொன்னேன். தெரிஞ்சும் சொல்லலன்னா எனக்கும் ஜெயிலு. அபராதம் போட்டு விட்டுருவானுவன்னு நெனச்சேன், மெஷினையே நிப்பாட்டுவானுவன்னு சத்தியமா தெரியாது. மனு போட்டிருக்கு. பத்து நாள் ஆவும்ங்கானுவ."

உருளைகளில் ஒரு நாள் காற்று. மறுபடி தட்டச்சு செய்து பார்த்தேன். முதல் வரியிலேயே விசைப்பலகை பூட்டிக்கொண்டது.

நாள் 221, 04:20
தலை பாரம். விரல் நுனியெல்லாம் நீலம். சட்டத்தின் மேல்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் இல்லை. சட்டத்துக்கு என்னைத் தெரியாது. இவன் என் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டவன்.

செல்வின்: "தாணு, கேக்கியா? மன்னிச்சிருடே. நாளைக்கு விசாரணைன்னு வரும். ஒன் குறிப்புல எம்பேரு மட்டும் வேண்டாம் மக்கா. எனக்குப் புள்ளையளு இருக்கு."

நேரம் தெரியவில்லை
பெயரை அழிக்கத்தான் உட்கார்ந்தேன். அவன் செய்தியை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். தன் பிள்ளைகளைச் சொன்னான். என் மகள் ராகினியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கு என்ன சொல்லட்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

அதனால் எழுதுகிறேன். கண்டெடுப்பவர் படிக்கவும். செல்வின் ஜெபராஜ். வடசேரி, நாகர்கோவில். செல்வின் ஜெபராஜ். செல்வின் ஜெ