வீட்டில் கால் பங்கும் அலீஷாவின் சனிக்கிழமையும்

லோட்டலி,
ஜூன் 4, ஞாயிறு

அன்புள்ள மகன் லூசியோவுக்கு,

அப்பா எழுதுவது. கடல் தாண்டி ஸ்விண்டனில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் மூன்று வாரமாக நீ என்னிடம் பேசியது எல்லாம் வீட்டைப் பற்றித்தான், உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என் உடம்பைப் பற்றிக் கேட்கவும் இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இடது முழங்கால் படியேறும்போது பிடிக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன். வியாழக்கிழமை மழை இறங்கிவிட்டது. விறகு, காய்ந்த இறால், உப்பு, புளி எல்லாம் மே மாதமே வாங்கி அடுக்கிவிட்டேன், உன் அம்மா போனதிலிருந்து இந்த நாலு வருடமும் அவள் வாங்கிய அளவேதான் வாங்குகிறேன், மீந்தால் மீந்துபோகட்டும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னதை நீ பிறகு இல்லை என்பாய், எனக்குக் கோபம் வந்தால் நடுவில் வைத்தும் விடுவாய். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய காகிதத்தை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை மட்காவ் போனேன். நவம்பரில் ஸெலியா குழந்தையைக் கூட்டிக்கொண்டு அந்த ஃபிளாட்டுக்குப் போன நாளிலிருந்து நான் அவள் வாசலை மிதித்ததில்லை, சனிக்கிழமை காலையில் அவள் அலீஷாவை நம் கேட்டருகே இறக்கிவிடுவாள், சாயங்காலம் கேட்டருகே ஏற்றிக்கொள்வாள், நான் அவளைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டுவதில்லை. உன் கூடப் பன்னிரண்டு வருடம் வாழ்ந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைக் கட்டினாள், அது என் மனதில் இருக்கிறது, இன்னும் இருக்கும். அப்படியிருந்தும் நீ கேட்டாய் என்று போனேன். காகிதத்தை நான் முழுதாகப் படிக்காமல்தான் கொண்டுபோனேன், அது என் தப்பு. போர்ச்சுகீசு மொழியில் இருக்கிற என் அப்பா காலத்துப் பத்திரங்களை மட்காவ் வக்கீல்களுக்கே படித்துச் சொல்கிற நான், மகன் அனுப்பியது என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஸெலியா உட்காரச் சொன்னாள், டீ வைத்தாள். அவள் உள்ளே இருக்கும்போது அலீஷா என் பையிலிருந்து காகிதத்தை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள், எழுத்துக் கூட்டி இல்லை, கடகடவென்று, ஒன்பது வயதில் நீ படித்ததைவிட நன்றாகவே படிக்கிறாள். இந்த வீட்டில் தன் கால் பங்கை ஸெலியா உனக்கு விட்டு எழுதிக் கொடுத்தால், குழந்தை யாரிடம் இருப்பது என்று நீ வழக்காட மாட்டாய் என்று இருந்தது. படித்துவிட்டு, தாத்தா பதில் சொல்வார் என்பதுபோல என்னைப் பார்த்து, “ஷாபாய், வீட்டைக் குடுத்துட்டா டாடி என்னைக் கேக்க மாட்டாரா?” என்றாள். லூசியோ, எழுபத்தேழு வயதில் நான் அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டதோடு சரி. சமையலறை வாசலில் ஸெலியா கையில் டீயோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. “பப்பா, அதை மடிச்சு உள்ள வைங்க, டீ ஆறிடும்” என்றாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, குழந்தை மொட்டை மாடிக்குப் போன பிறகு, “என் பங்கை நான் யாருக்கும் தர்றதா இல்ல. எனக்குன்னு வேணாம், அவ பெரியவளானா அவ பேருக்கு எழுதிடுவேன். அதுவரைக்கும் என் கிட்டதான் இருக்கும். உங்க மகனுக்குக் கோவம்னா நேர்ல வந்து கோவப்படச் சொல்லுங்க, லட்டர்ல வேணாம்” என்றாள். எனக்கு அவள் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் அதில் ஒரு இடம்கூடப் பொய் இல்லை, அதனால் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

கால் பங்கு அவளுக்கு எப்படி வந்தது என்று நீ போனில் குதித்தாய். எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன், கேள். கல்யாணத்துக்கு முன் பதிவு அலுவலகத்தில் முதல் கையெழுத்து போட்ட அன்றைக்கு, அந்த மேசைக்காரர் சொத்து தனித்தனியா, சேர்ந்ததா, ஒப்பந்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அப்போது கப்பல் வேலையில் இருந்த நீ வாயைத் திறந்தாய், “ஒப்பந்தம் இருக்கட்டும் பப்பா, கப்பல்ல எல்லாரும் எழுதறாங்க” என்றாய். நான்தான், “நம்ம வீட்டுல பொண்ணு எடுக்கிறப்ப ஒப்பந்தம் எழுதற பழக்கம் இல்ல, நாம என்ன கடையா திறக்கிறோம்?” என்று எல்லோர் முன்னாலும் உன் வாயை அடைத்தேன். ஸெலியாவின் அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். ஒப்பந்தம் இல்லாவிட்டால் புருஷன் பெண்டாட்டி சொத்தெல்லாம் பாதிப் பாதி, கல்யாணம் முடிந்த பிறகு அதை மாற்ற, போர்ச்சுகீசியர் விட்டுப்போன இந்த ஊர்ச் சட்டத்தில் இடமில்லை. பிறகு உன் அம்மா போனபோது அவள் பாதி உன்னிடம் வந்தது, உன்னிடம் வந்ததில் பாதி உன் மனைவியுடையது. இதில் ஸெலியா எதையும் பிடுங்கவில்லை. திறந்து வைத்தவன் நான். ஆறு மாதமாக அவள் மேல் வைத்த கோபத்தில் முக்கால்வாசி என் மேல்தான் என்று இப்போது தெரிகிறது, மீதி கால் அவள் மேல் இருக்கட்டும், அதை விடமாட்டேன்.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்க வேண்டும். முப்பத்தோரு வருடம் நான் கப்பலின் இன்ஜின் அறையில் இருந்தேன், வருடத்தில் இரண்டு மாதம்தான் உனக்கு அப்பா. மீதிப் பத்து மாதம் உன் அம்மா ஒருத்திதான். நாங்கள் சண்டை போடாதவர்கள் இல்லை, ஒரு வருடம் முழுக்க அவள் எனக்குக் கடிதமே போடவில்லை, அது உனக்குத் தெரியாது. ஆனால் அந்த வருடமும் நான் இறங்கி வந்த அன்று உன்னைக் குளிப்பாட்டித் தலைவாரி வாசலில் நிறுத்தியிருந்தாள். உன்னைக் காட்டி என்னிடம் அவள் ஒன்றும் கேட்டதில்லை. அவள் உன்னை வளர்த்த இந்த வீட்டுக்காகவா நீ உன் மகளைக் காட்டிக் கேட்கிறாய்?

இனி நான் செய்தது. செவ்வாய்க்கிழமை வக்கீல் நொரோன்யாவைக் கூட்டிக்கொண்டு நோட்டரியிடம் போய் உயில் எழுதிவிட்டேன். என் பாதியில் பாதி நான் தந்தாலும் தராவிட்டாலும் உனக்குத்தான் வரும், பெற்ற பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று எழுத இங்கே யாராலும் முடியாது, அதில் நீ பயப்பட ஒன்றுமில்லை. என் இஷ்டத்துக்கு விட்டிருக்கிற மிச்சத்தை அலீஷா பேருக்கு எழுதினேன். அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை அதைப் பார்த்துக்கொள்ள உன்னையும் எழுதவில்லை, ஸெலியாவையும் எழுதவில்லை, இரண்டு பேரையும் சேர்த்து எழுதியிருக்கிறேன், சமையலறைக் கூரை ஓடு மாற்றுவதானாலும் இரண்டு கையெழுத்து வேண்டும். நொரோன்யா சின்னப் பெண், பேனாவை வைத்துவிட்டு, “அங்கிள், இப்படி எழுதினா அவங்க ரெண்டு பேரும் ஒன்பது வருஷம் பேசிக்கிட்டே இருக்கணும்” என்றாள். “அதுக்குத்தாம்மா எழுதச் சொல்றேன், எழுது” என்றேன்.

நான் விவாகரத்துக்கு முன் செத்துவிட்டால் உனக்கு வருகிற என் பங்கிலும் ஸெலியாவுக்குப் பாதி போகும் என்று நீ யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறாய், அதுதான் அவசரம் என்று புரிகிறது. நான் இந்த மழைக்குச் சாகப் போவதில்லை, இறாலை வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொன்னேனே. ஆனாலும் இன்று முழங்காலில் பிடிப்பது முழங்காலோடு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. ஜூலை பதினெட்டாம் தேதி நீங்கள் இருவரும் சம்மதித்துப் போடும் விவாகரத்து மனு கோர்ட்டில் வருகிறது. நிபந்தனை இல்லாமல் வந்து கையெழுத்துப் போடு. குழந்தை யாரிடம் என்பதை நீயும் அவளும் நொரோன்யா முன்னால் உட்கார்ந்து எழுதுங்கள், வீட்டை அந்த மேசைக்குக் கொண்டுவராதே. பள்ளி நாளில் அவள் அம்மாவிடம், மே மாதம் உன்னிடம், சனிக்கிழமை என்னிடம், இது என் யோசனை, சனிக்கிழமையை மட்டும் யாருக்கும் விட்டுத்தரமாட்டேன். அலீஷா வாசிக்கிற வயலின், குழந்தை எங்கே போகிறாளோ அங்கே போகும் என்று முதல் வரியாக எழுதுங்கள், அது இங்கே இருப்பதா அங்கே இருப்பதா என்று நானும் ஸெலியாவும் கேட்டருகே நின்று சண்டை போட்டதில் இரண்டு வாரம் அவள் வாசிக்கவே இல்லை, அந்தச் சண்டையை ஆரம்பித்தவனும் நானே. இதெல்லாம் முடியாது, அந்தக் காகிதப்படிதான் நடப்பேன் என்றால், அந்தக் காகிதம் என் பீரோவில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் நீதிபதி கையில் நானே கொடுப்பேன். பெற்ற மகன் என்று பார்க்கமாட்டேன், அலீஷா கேட்ட கேள்வியை அவர் உன்னிடம் கேட்கட்டும்.

வரும்போது முக்கால் அளவு வயலினுக்கு மெல்லிய தந்தி இரண்டு வாங்கி வா, மட்காவில் கிடைப்பது வாரத்துக்கு ஒன்று அறுகிறது. அது உன் வயலின்தான், பாதிரியார் பள்ளியில் நீ வாசித்தது, அடியில் உன் பெயரைப் பேனாவால் கீறியிருப்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள், அதன் கீழே தன் பெயரையும் கீறியிருக்கிறாள், நான் அடிக்கவில்லை.

கப்பலுக்குப் போகும்போதும் வரும்போதும், பிறகு போனை வைக்கும்போதும், ஆசீர்வாதம் கேட்காமல் நீ இருந்ததில்லை. நவம்பரிலிருந்து கேட்பதில்லை. கேட்காதவனுக்குக் கொடுப்பது எனக்கு வழக்கமில்லை, இந்த ஒரு தடவை கொடுக்கிறேன், கடவுள் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும், உன் அம்மா அங்கிருந்து பார்த்துக்கொள்ளட்டும். அடுத்ததை நீ இங்கே வாசலில் நின்று கேட்க வேண்டும். ஜூலை பதினைந்தாம் தேதி சனிக்கிழமை. அலீஷாவைக் குளிப்பாட்டித் தலைவாரி நிறுத்தியிருப்பேன்.

உன் அப்பா,
அனக்லெத்தோ